மரவேலை கேள்வி–பதில்: சின்னப் பெட்டியின் உட்குழியை எதை வைத்துத் தேய்ப்பது?

பெட்டியின் வெளிப்புறம் பற்றி யாரும் கேட்பதில்லை. அங்கே கை போகும், கண் போகும், எந்த மெஷினும் போகும். உட்புறம்தான் எல்லோரையும் திணற வைக்கிறது. வந்த கடிதங்களில் பல இதே சிக்கலைப் பேசுவதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஒரே மரத்துண்டைக் குடைந்து மோதிரம், காதணி வைக்கும் சின்னப் பெட்டிகள் செய்கிறேன். குழி 60 மில்லிமீட்டர் நீளம், 40 அகலம், 25 ஆழம். உள்ளே ரவுட்டர் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடைகிற மெஷின்) ஓடிய வளையத் தடங்கள் அப்படியே தெரிகின்றன. சுழல் கருவியில் மாட்டுகிற சின்ன உப்புத்தாள் உருளையை வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். சுவர் அலை அலையாக ஆகிவிட்டது. முக்கோணத் தலை உள்ள சாண்டர் வாங்கலாமா? வேறு மெஷின் ஏதாவது இருக்கிறதா, ஐயா?

முக்கோண சாண்டரை இந்த வேலைக்காக வாங்காதீர்கள். நாற்காலிக் கால்களின் இடுக்கு, ஜன்னல் சட்டத்தின் மூலை என்றால் அது அருமையான கருவி. ஆனால் அந்த முக்கோணத் தட்டின் ஒரு பக்கமே சுமார் 90 மில்லிமீட்டர் வரும். உங்கள் குழியின் முழு நீளமே 60. மூக்கை மட்டும் உள்ளே விட்டுத் தேய்க்கப் பார்ப்பீர்கள், தட்டு சாயும், சாய்ந்ததும் நுனி மட்டும் மரத்தில் பட்டு அங்கே ஒரு பள்ளம் விழும். போதாததற்கு, அந்தத் தட்டு அதிர்வதற்குச் சுற்றிலும் இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் பக்கச் சுவரை இடித்துக்கொண்டே இருக்கும்.

உருளை ஏன் அலை போட்டது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். உருண்டையான ஒரு பொருள் தட்டையான சுவரில் ஒரு கோடாகத்தான் படும். அந்த ஒரு கோட்டில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று வேகத்தில் மரம் போய்க்கொண்டே இருக்கிறது. உங்கள் கை கண் இமைக்கும் நேரம் நின்றாலும் அங்கே ஒரு வாய்க்கால். நகர்ந்தால் அடுத்த வாய்க்கால். இது உங்கள் கையின் குறை அல்ல. நேர் எது என்று காட்டும் பரப்பு எதுவும் அந்தக் கருவியில் கிடையாது, அவ்வளவுதான்.

உப்புத்தாள் வெறும் பல். பல் எங்கே கடிக்க வேண்டும், எங்கே கடிக்கக் கூடாது என்பதைத் தாளுக்குப் பின்னால் இருக்கும் பொருள்தான் தீர்மானிக்கிறது. பின்னால் தட்டையான கட்டை இருந்தால் மேடுகள் மட்டும் தேய்ந்து பரப்பு தட்டையாகும். விரல் இருந்தால், விரல் அமுங்குகிற இடமெல்லாம் பள்ளமாகும். ஆகவே சின்னக் குழிக்குக் கருவி தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது “இந்தக் குழியின் வடிவம் என்ன” என்பதே. எந்த மெஷின் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். வடிவம் தெரிந்துவிட்டால், அதற்கேற்ற தேய்ப்புக் கட்டையை நீங்களே செய்துகொள்ளலாம். என் பட்டறையில் குழிவேலைக்கு நான் அதிகம் எடுப்பது நானே செய்த மரக்குச்சிகளைத்தான்.

உங்கள் குழிக்கு மூன்று போதும்.

முதலாவது, அடிப்பரப்புக்கு. கெட்டி மரத்தில் குழியின் அகலத்தைவிட 10 மில்லிமீட்டராவது குறைவான ஒரு கட்டை. மேலே நடுவில் ஒரு கைப்பிடி. பார்ப்பதற்கு ரப்பர் ஸ்டாம்ப் போல இருக்கும். அதன் அடியைத் துல்லியமாகத் தட்டையாக்கி அங்கே மட்டும் தாளை ஒட்டுங்கள். தாள் விளிம்பைத் தாண்டி மேலே மடங்கக் கூடாது. மடங்கினால் அடியைத் தேய்க்கும்போதே சுவரையும் கீறிவிடும். ஒட்டிய பின் கூர்மையான கத்தியால் கட்டையின் ஓரத்தோடு ஓரமாகத் தாளை அறுத்துவிடுங்கள்.

இரண்டாவது, சுவருக்கு. 15 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பட்டைக் குச்சி. தாள் ஒரு முகத்தில் மட்டும். கீழ்முனை வெறும் மரமாகவே இருக்கட்டும். அது அடிப்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும், அடியைக் காயப்படுத்தாது.

மூன்றாவது, மூலைக்கு. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிட் ஓட்டியிருந்தால் மூலையின் வளைவு ஆரம் 6 மில்லிமீட்டராக இருக்கும். அதற்கு 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் குச்சி சரியாக வரும். தாளைச் சுற்றியதும் 11-க்கு நெருங்கிவிடும். அச்சாகப் பொருந்தட்டும் என்று 12 மில்லிமீட்டர் குச்சியையே எடுத்தால், தாளின் கனத்தால் அது மூலையை விடப் பெரிதாகி, மூலையின் நடுவைத் தொடாமல் இரண்டு பக்கச் சுவர்களிலும் கோடு இழுக்கும். வளைவை விட ஒரு மயிரிழை சின்னதாக இருப்பதுதான் எப்போதும் நல்லது. உளியால் செதுக்கிய செங்கோண மூலை என்றால் உருண்டைக் குச்சி உதவாது. ஆப்பு போல ஓரம் கூர்ந்த குச்சி வேண்டும். அந்த ஓரத்தின் கோணம் 90 பாகையை விடக் குறைவாக இருக்கட்டும்.

ஒட்டுவதற்கு மெல்லிய இருபக்க டேப் போதும். பஞ்சு வைத்த தடித்த டேப் வேண்டாம். அது அமுங்கும், அமுங்கினால் விளிம்புகள் உருண்டுபோகும். பின்பக்கம் துணி ஒட்டிய எமரி கிடைத்தால் உருண்டைக் குச்சிக்கு அதையே எடுங்கள். சாதாரணத் தாள் வளைவில் முறிந்துவிடும், துணி முறியாது.

உருளையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உருளையை விட ஆரம் பெரிய வளைவுகளில், கருவியின் மிகக் குறைந்த வேகத்தில், கையை நிறுத்தாமல் ஓட்டினால் அது நல்ல வேலை செய்யும். தட்டைச் சுவர் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

இனி, ரவுட்டர் தடங்கள். அவற்றை உப்புத்தாளால் எடுக்க முயல்வதே நேரத்தை விழுங்குகிறது. தேய்க்கும் முன் சுரண்டுங்கள். பழைய கைரம்பத்தின் தகட்டிலிருந்து 15 அல்லது 20 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தை அரத்தால் செங்கோணமாக்கி, சாணைக்கல்லில் மழமழவென்று ஆக்கி, பின் கடினமான எஃகுக் கம்பி ஒன்றால், டிரில் பிட்டின் வழவழப்பான காம்பாலேயே கூட, அந்த ஓரத்தை அழுத்தி இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி ஓரத்தில் புரண்டு நிற்கும். விரலைக் குறுக்கே வைத்தால் தட்டுப்படும். அந்தக் கொக்கிதான் வெட்டுகிறது. சரியாகப் புரண்டிருந்தால் மெல்லிய சுருள் வரும்; வெறும் தூள் வந்தால் மறுபடி தீட்ட வேண்டும் என்று அர்த்தம். தேக்கு, ஈட்டி போன்ற கெட்டி மரங்களில் வளையத் தடத்தை இது எடுக்கிற வேகத்துக்கு உப்புத்தாள் பக்கத்தில்கூட வராது. பைன் போன்ற மென்மரங்களில் சுரண்டினால் நார் கிழியும், அங்கே தாள்தான்.

அடிப்பரப்பே மேடு பள்ளமாக இருந்தால், சுரண்டுவதற்கும் முன்னால் கைரவுட்டர் என்று சொல்லப்படும் சின்ன இழைப்புளியைத் தேடுங்கள். பெட்டியின் மேல்விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, கீழே நீட்டிய சிறு உளியால் ஒரே ஆழத்தில் செதுக்கிக்கொண்டு போகிற கருவி அது. ஆழம் அதிகமில்லாத குழிகளின் அடியைத் தட்டையாக்க அதை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: குழியின் மூலைகளில் மரம் தீய்ந்து கறுத்துப்போகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. தேய்ப்பதற்குச் சுலப வழி?

தீய்ச்சலைத் தேய்த்துப் போக்குவதை விட வராமல் செய்வது சுலபம். மழுங்கிய பிட் அல்லது மூலையில் ஒரு நொடி நின்ற கை, இரண்டில் ஒன்றுதான் காரணம். முதலில் பிட்டில் ஒட்டியிருக்கும் பிசினைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு வெட்டும் முறையை மாற்றுங்கள்: குழியைப் பல அடுக்குகளாகத் தோண்டும்போது சுவரில் அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்துவிடுங்கள். கடைசியில் முழு ஆழத்தில், நிறுத்தாமல், ஒரே சுற்றில் அந்த மிச்சத்தைச் சீவி எடுங்கள். வெட்ட வேண்டிய மரம் குறைவு என்பதால் சூடும் குறைவு, அடுக்குத் தடங்களும் அதோடு போய்விடும்.

தட்டம் குடைவதற்கென்றே அடி ஓரம் உருண்ட பிட்டுகள் இருக்கின்றன. சுவரும் அடியும் சந்திக்கும் இடத்தை அவை கூர்மையான இடுக்காக விடாமல் வளைவாக முடித்துவிடும். பெட்டிக்குள் தேய்ப்பதற்கு மிகவும் கடினமான இடம் அந்த இடுக்குதான். குடையும்போதே அது இல்லாமல் போனால் பாதி வேலை முடிந்துவிட்டது.

ஏற்கெனவே தீய்ந்தவற்றை மேலே சொன்ன சுரண்டுத் தகட்டின் ஒரு மூலையை உருட்டி, அந்த வளைவால் சுரண்டி எடுங்கள். தீய்ந்த மரம் இறுகிப் போயிருக்கும்; உப்புத்தாள் அதன்மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் நல்ல மரத்தைத்தான் தின்னும்.

கேள்வி: எந்த நம்பர் தாளில் தொடங்கி எதில் முடிப்பது? ஒரு தாளில் 320 என்றும் இன்னொன்றில் பி320 என்றும் இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

வெளிப்புறத்துக்கு 80 நம்பரில் தொடங்குகிறவர்கள்கூட உட்குழிக்கு 80-ஐ எடுக்க வேண்டாம் என்பேன். பி80 தாளின் துகள் சராசரியாக 200 மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பி120-இல் அது 125 மைக்ரான், பி180-இல் 82, பி240-இல் 58, பி320-இல் 46. துகள் பெரிதாக இருக்க இருக்கக் கீறலும் ஆழம். வெளியே நீளமாகக் கை ஓட்டி அந்தக் கீறலை அடுத்த தாளால் எடுத்துவிடலாம். குழிக்குள் உங்கள் கை ஓடும் தூரமே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம்தான். 80 போட்ட கீறலை அங்கே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சுரண்டி முடித்த பரப்பாக இருந்தால் 150-இல் தொடங்கலாம். தாளால்தான் எல்லாம் என்றால் 120. பிறகு 180, 240. எண்ணெய் பூசப் போகிறீர்கள் என்றால் 320 வரை போங்கள். வார்னிஷ் என்றால் 240 போதும்.

நம்பரைத் தாண்டக் கூடாது. 120-இலிருந்து நேரே 320-க்குப் போனால், 120-இன் கீறல்கள் பளபளப்பான கீறல்களாக மாறும்; போகாது. ஒவ்வொரு தாளுக்கு முன்னும் பரப்பில் பென்சிலால் லேசாகக் கிறுக்குங்கள். கிறுக்கல் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே தாள் படவில்லை. மூலைகள் எவ்வளவு விடுபடுகின்றன என்பதை இந்தப் பென்சில் கிறுக்கலைப் போல வேறெதுவும் காட்டித் தராது.

தாள் மாற்றும்போதெல்லாம் குழியைத் தூரிகையால் பெருக்கி, முடிந்தால் வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். தட்டையான பலகையிலிருந்து தூள் தானாக விழுந்துவிடும். குழியில் விழ இடமில்லை. பழைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு முரட்டுத் துகள் மூலையில் தங்கினால், புதிய தாளுக்கு அடியில் உருண்டு கோடு போடும். “240-இல் தேய்த்தும் ஆழமான கோடு வருகிறது” என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

பி என்ற எழுத்து ஐரோப்பிய அளவுமுறையைக் குறிக்கிறது. எழுத்து இல்லாமல் வெறும் எண் இருந்தால் பெரும்பாலும் அது அமெரிக்க அளவுமுறை. 220 வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதற்கு மேலே பிரிந்துவிடுகின்றன: வெறும் 320 கிட்டத்தட்ட பி400-க்குச் சமம், வெறும் 400 கிட்டத்தட்ட பி800-க்குச் சமம். ஆகவே ஒரு பெட்டிக்கு ஏதாவது ஒரு முறையிலேயே எல்லாத் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் குழி கிண்ணம் போல உருண்டது. தட்டைக் கட்டை எதுவும் உட்காரவில்லை.

மெஷின் உண்மையிலேயே உதவுகிற இடம் இதுதான். டிரில்லில் மாட்டுகிற 25 அல்லது 50 மில்லிமீட்டர் வட்டத் தட்டுகள் கிடைக்கும். தாளை வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளலாம். தட்டுக்கும் தாளுக்கும் நடுவே மெத்தென்ற பஞ்சு அடுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அது வளைவுக்கு ஏற்பக் குழைந்து கொடுக்கும். பஞ்சு இல்லாவிட்டால் தட்டின் ஓரம் பிறை பிறையாக வெட்டிவிடும். வேகத்தைக் குறைத்து, தட்டின் நடுவை மரத்தில் அழுத்தாமல், விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கும் பகுதியைப் பதியவிட்டு, நகர்த்திக்கொண்டே இருங்கள். சுழலும் தட்டின் மையத்தில் வேகம் கிடையாது. அங்கே அது தேய்க்காது, சூடேற்றும்.

சுழல் தட்டு நாருக்குக் குறுக்கே வட்டக் கீறல்களை விட்டுச் செல்லும். கடைசித் தாளைக் கையால் மட்டுமே ஓட்டுங்கள், நார் ஓடும் திசையில். தாளுக்குப் பின்னால் வைக்கப் பென்சில் அழிக்கும் ரப்பரை உங்கள் கிண்ணத்தின் வளைவுக்குச் சீவிக்கொண்டால் அதுவே நல்ல கட்டை.

கேள்வி: பலகைகளை இணைத்துப் பெட்டி செய்கிறேன், குடைவதில்லை. எனக்கும் இதே கருவிகள்தானா?

உங்களுக்கு இவை எதுவுமே வேண்டாம். ஒட்டுவதற்கு முன்பே உட்புற முகங்களை மேசையில் படுக்கப் போட்டுத் தேய்த்து முடித்துவிடுங்கள். முடிந்தால் முதல் பூச்சும் அப்போதே. இணைப்பு வரும் ஓரங்களில் மட்டும் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். பூச்சின் மேல் பசை பிடிக்காது. ஒட்டும்போது உள்மூலையில் பிதுங்கும் பசையும் பூசிய பரப்பில் பிடிக்காது என்பதால் பிறகு நகத்தால் பெயர்த்து எடுத்துவிடலாம். இதை விட்டுவிட்டு, ஒட்டிய பிறகு உள்ளே குச்சி விட்டுத் தேய்ப்பது தேவையில்லாத உழைப்பு.

கேள்வி: எல்லாச் சுவரையும் ஒரே தாளில்தான் தேய்க்கிறேன். எண்ணெய் பூசியதும் இரண்டு சுவர்கள் மட்டும் கறுத்துவிடுகின்றன. ஏன்?

குடைந்த பெட்டியில் எதிரெதிரான இரண்டு சுவர்களில் நார் நீளவாக்கில் ஓடும். மற்ற இரண்டில் நார்கள் வெட்டுப்பட்டு அவற்றின் வாய் திறந்திருக்கும். மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அவை. எண்ணெயை ஆழமாக உறிஞ்சிக்கொள்வதால் கறுப்பாகத் தெரிகின்றன. அந்த இரண்டு சுவர்களை மட்டும் ஒரு நம்பர் கூடுதலாகத் தேய்த்து முடியுங்கள்: மற்றவை 240 என்றால் இவை 320. வாய்கள் ஓரளவு மூடிக்கொள்ளும். வித்தியாசம் முழுதாக மறையாது, கண்ணை உறுத்தாத அளவுக்குக் குறையும்.

பூச்சுக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் குழியின் விளிம்போடு படுக்க வைத்து உள்ளே ஒளியை ஓட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருந்த கீறல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தாலும் தெரியும், நாரும் எழும்பாது. தண்ணீர் கலந்த பூச்சு போடுகிறவர்கள் மட்டும் முதலில் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, எழும்பிய நாரைக் கடைசித் தாளால் லேசாக வருடி எடுங்கள்.

கேள்வி: குழிக்குள் குனிந்து தேய்ப்பதால் தூள் முகத்திலேயே படுகிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதுமா?

போதாது. இதை நான் அழுத்தியே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் 1995-இலேயே சேர்த்திருக்கிறது. மூக்குக் குழிகளில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஈட்டி இன மரங்களும் தேக்கும் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத்திணறலையும் தரும். என்95 தரமுள்ள முகக்கவசம் அணியுங்கள். முகத்தோடு ஒட்டி, பக்கவாட்டில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். வாக்குவத்தின் வாயைக் குழியின் விளிம்பில் பொருத்தி வைத்துவிட்டுத் தேய்த்தால் தூள் மேலே எழும்புவதே குறையும். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இறுக்கி வைத்தால் குனிய வேண்டியும் இருக்காது.

கேள்வி: அடியில் பெரிய துளை பிட் போட்டுக் குடைந்தேன். நடுமுனை குத்திய புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. வெல்வெட் ஒட்டி மறைத்துவிடலாமா? அப்படியானால் தேய்க்கவே வேண்டாமா?

தாராளமாக மறைக்கலாம். அந்தப் புள்ளிகளைத் தேய்த்து எடுக்க நினைத்தால் அடிப்பலகையே மெலிந்துவிடும். அடுத்த பெட்டியில் அந்த பிட்டை 2 மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்திவிட்டு, மிச்சத்தை ரவுட்டரால் எடுங்கள்.

வெல்வெட் ஒட்டும் அடிப்பரப்பைத் தேய்க்கத் தேவையில்லை. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் பசைக்கு நல்லதே. சுவர்களை மட்டும் முழுதாகத் தேய்த்துப் பூச்சு போட்டு முடியுங்கள், பூச்சு அடியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணியை நேரடியாக மரத்தில் ஒட்டினால் பசை ஊறி மேலே கறை தெரியும். கெட்டி அட்டை ஒன்றைக் குழியைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டி, துணியை அதன்மேல் இழுத்துப் பின்பக்கம் மடித்து ஒட்டி, பிறகு அட்டையை உள்ளே இறக்குங்கள். துணி தடிப்பாக இருந்தால் இன்னும் கால் மில்லிமீட்டர் குறையுங்கள். மூலைகள் வளைவாக இருந்தால், அட்டையின் மூலைகளையும் அதே அளவில் உருட்டி வெட்ட மறக்க வேண்டாம்.